ஏழு பல்பும் ஒரு கட்டைவிரலும்

கோடை முடியற சமயம், சார். சாயங்காலம் நாலு இருபது. நாலரைன்னு எழுதறீங்களே, அதை அடிச்சிட்டு நாலு இருபதுன்னு எழுதுங்க. என் தொழில்ல பத்து நிமிஷம்ங்கறது மன்னிக்க முடியாத தப்பு. உங்க புத்தகத்துல நூத்திப் பதினோராம் பக்கத்துல அது நடுராத்திரியில நடந்ததா எழுதியிருக்கீங்க. ஊரே அடங்கின நேரம், களைச்சுப்போன நடிகை, தூக்கமில்லாத கண்ணுன்னு ரொம்ப உருக்கமா எழுதியிருக்கீங்க. படிச்சப்போ எனக்கே கொட்டாவி வந்துடுச்சு. ஆனா அன்னைக்கு வெளியில கண்ணு கூசற வெயில். செட்டுக்குப் பின்னாடி தச்சுப் பட்டறையில ஆணி அடிக்கறதை நிறுத்தச் சொல்லி ரெண்டு தடவை ஆள் அனுப்பினோம்.

அந்த நாற்காலியில உக்காராதீங்க, ஒரு கால் குட்டை. இதுல உக்காருங்க. பிஸ்கட் டப்பா எதுக்கு வாங்கிட்டு வந்தீங்க? லஞ்சம்னு சொல்ல மாட்டேன். நல்ல பிஸ்கட்டாத்தான் வாங்கியிருக்கீங்க. அங்கயே வைங்க.

நீங்க எதுக்கு நாலு மணி நேரம் ரயில்ல வந்தீங்கன்னு எனக்குத் தெரியும் புரொபசர் சார். சுத்தி வளைக்க வேண்டாம், சுத்தி வளைக்கறது என் வேலை, எனக்குத்தான் வயசாச்சு. அந்தப் பழைய படத்தைக் கீறல் எடுத்து, தூசு தட்டி, புதுசாத் திரையிடப் போறாங்க. அந்தக் கம்பெனிக்காரங்க போன வாரம் எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தாங்க. கடைசி ஷாட்டுல கட்டைவிரல்ல ஒரு கறை தெரியுது, அது திட்டமிட்டு வெச்சதா, பிழையா, படத்துல வேலை பார்த்தவங்கள்ல இப்போ நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, சொல்லுங்கன்னு. டைரக்டர் எப்பவோ போயிட்டார். நாயகியா நடிச்ச அந்தம்மாவும் போன மாசம் போயிட்டாங்க. அதனால என்கிட்ட வந்திருக்கு. ரெண்டு கட்டம் போட்டிருக்காங்க. திட்டமிட்டதுன்னு டிக் போட்டா கறை அப்படியே இருக்கும். பிழைன்னு போட்டா துடைச்சிடுவாங்க. கறையைத் துடைச்சா அதைப் பத்தி உங்க புத்தகத்துல எழுதின பதினெட்டுப் பக்கமும் துடைஞ்சு போயிடும். சரிதானே?

இல்ல, சிரிக்கல சார். என் முகமே அப்படித்தான்.

படிச்சேன். பதினெட்டுப் பக்கத்தையும் ரெண்டு தடவை படிச்சேன், பென்சிலோட. புகழுக்கும் பேராசைக்கும் என்ன விலைன்னு சொன்ன பழைய படங்களைப் பத்தி இவ்வளவு பாடுபட்டு யாரும் எழுதினதில்ல. அந்தக் கறை மைன்னு சொல்றீங்க. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட மை. பேருக்காகத் தன்னையே எழுதிக் குடுத்துட்ட ஒருத்தியோட விரல்ல ஒட்டின மை, முகத்துல இருக்கற பூச்சைத் துடைச்சாலும் போகாத மை. நல்லாத்தான் இருக்கு. திரையிடற அன்னைக்கு மேடையில அதைத்தான் பேசப் போறீங்களாமே. அழைப்பிதழ் அட்டையில கட்டைவிரல் மட்டும், இவ்வளவு பெருசா. தபால்காரர் அதை என்கிட்ட குடுக்கறப்போ ஏம்மா, கைநாட்டு நோட்டீஸ் வந்திருக்கான்னு கேட்டார்.

டிக் போடறது இருக்கட்டும் சார், போடலாம். முதல்ல நான் யாருன்னு உங்களுக்குச் சரியாத் தெரியணும். புத்தகத்துல என்னைப் பத்தி ஒரு வரி இல்ல. அதுக்காகக் கோவிச்சுக்கிட்டுச் சொல்றதா நினைக்காதீங்க, எழுதறதுக்கு ஒண்ணும் இருக்காது. நான் கன்டினியூட்டி. ஒரு படத்துல ஒரே அறையில நடக்கற காட்சியை மூணு நாள், நாலு நாளாப் பிரிச்சு எடுப்பாங்க. திங்கட்கிழமை ஒருத்தர் பாதி டம்ளர் தண்ணி குடிச்சா வியாழக்கிழமை அந்த டம்ளர்ல பாதி தண்ணி இருக்கணும். எந்தப் பட்டன் கழண்டிருந்துச்சு, வாட்ச் எந்தக் கையில, சிகரெட்டு எவ்வளவு நீளம், சுவர்க் கடியாரத்துல மணி எத்தனை. எல்லாத்தையும் பார்த்துக் குறிச்சு வைக்கறது நான். கேமராவுக்குப் பக்கத்துல ஒரு மடக்கு ஸ்டூல், மடியில நோட்டு, கழுத்துல ஒரு ஸ்டாப் வாட்ச். முப்பத்தோரு வருஷம். நடிக்கறவங்க எல்லாரும் என்னைப் பார்த்தா கையைப் பின்னாடி மறைச்சுக்குவாங்க, ஏதோ வாத்தியாரம்மா நகம் பார்க்க வந்த மாதிரி.

எழுதறது எப்படின்னா மூணு பிரதி. ஒண்ணு எடிட்டருக்கு, ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு எனக்கு. நடுவுல கார்பன் பேப்பர். ஒரு நாளைக்கு நாப்பது தாள் எழுதினா சாயங்காலம் விரல் என்ன நிறத்துல இருக்கும்? நீங்களே சொல்லுங்க. நீலமும் கறுப்பும் கலந்து. சோப்பு போட்டுத் தேச்சாலும் மறுநாள்தான் போகும்.

ஆமா. அதைத்தான் சொல்றேன். அது மை இல்ல, கார்பன். இருங்க, பதறாதீங்க, தண்ணி குடிங்க. நடிகை கையில கார்பன் எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்க. நல்ல கேள்வி. ஆராய்ச்சி பண்றவங்க கேக்க வேண்டிய கேள்விதான். பன்னண்டு வருஷம் முன்னாடி, புத்தகம் எழுதறப்பவே கேட்டிருக்கலாம்.

படத்தோட கதையை நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம் சார். இந்த வகைப் படத்துல நான் அஞ்சுல வேலை பார்த்திருக்கேன். கூட்டத்துல கடைசி வரிசையில ஆடற ஒரு பொண்ணு முன்வரிசைக்கு வருவா. வழி காட்டின தோழியைத் தள்ளி விடுவா, கட்டினவரை மறந்துடுவா, கூடப்பொறந்தவ கடிதம் போட்டா பிரிக்க மாட்டா. பெரிய மாடிப்படி ஒண்ணு இருக்கும், அதுல ஏறுவா. அஞ்சு படத்துலயும் அதே மாடிப்படிதான், வேற வேற பெயிண்ட். கடைசி ரீல்ல கண்ணாடி முன்னாடி உக்காந்து, அய்யோ எல்லாம் போச்சேன்னு அழுவா. அழற காட்சி முடிஞ்சதும் தயாரிப்பாளர் கை தட்டுவார். ஆசைப்படாதீங்கம்மான்னு ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற படத்தை எடுக்கறப்போ செட்டுல இருந்த ஒவ்வொருத்தரும் அடுத்த படத்துக்கு யாரைப் பிடிக்கலாம்னுதான் பார்த்துட்டிருப்பாங்க. நானும்தான். எனக்கும் ஒரு சுழல் நாற்காலி வேணும்னு ரொம்ப நாளா ஆசை.

எங்க டைரக்டர் கொஞ்சம் வித்தியாசமானவர். பேசவே மாட்டார், பென்சிலைக் கடிப்பார். அவருக்கு அந்த அழுகை வேண்டாம். மேடையில கடைசி ஆட்டம் முடிஞ்சு அவ ஒப்பனை அறைக்கு வரா. கண்ணாடியைச் சுத்தி ஏழு பல்பு எரியுது. முகத்தைக் காட்டாம கையை மட்டும் காட்டணும். அந்தக் கை ஒவ்வொரு பல்பாத் திருகிக் கழட்டணும். ஏழும் போனதும் இருட்டு. படம் முடிஞ்சது. அவ்வளவுதான். தயாரிப்பாளர் கேட்டார், என்னய்யா, எலக்ட்ரீஷியன் வேலையெல்லாம் கதாநாயகி பண்றாளேன்னு.

நாயகியா நடிச்சவங்களுக்குச் செட்டுல மகாராணின்னு பேரு. முகத்துக்கு நேரா இல்ல, முதுகுக்குப் பின்னாடி. அப்போ இருபத்தி நாலு வயசு. நீங்க எழுதியிருக்கற மாதிரி கர்வம் பிடிச்சவங்க இல்ல. நேரம் தவறி வந்ததில்ல. எனக்கு டீயில சர்க்கரை கூடாதுன்னு ஞாபகம் வெச்சிருந்தவங்க அந்தச் செட்டுலயே அவங்க ஒருத்தர்தான். ஆனா மேல போகணும்னு முடிவு பண்ணியிருந்தாங்க, அதுல ஒரு நிமிஷத்தைக் கூட வீணாக்க மாட்டாங்க. எனக்கு அது பிடிக்கும்.

அன்னைக்குக் கடைசி நாள். மறுநாள் காலையில செட்டைப் பிரிச்சுடுவாங்க, வேற கம்பெனி அந்த இடத்துக்குப் பணம் கட்டியாச்சு. பல்பு ஷாட் மட்டும்தான் பாக்கி. மகாராணி வாட்சைப் பார்த்தாங்க. டைரக்டர்கிட்டப் போய் ஏதோ சொன்னாங்க. அவர் பென்சிலைக் கடிச்சார். மோதிரங்களைக் கழட்டி மேசையில வெச்சுட்டு, மேக்கப்போடயே வண்டியில ஏறிப் போயிட்டாங்க. பெரிய கம்பெனி ஒண்ணு மூணு படத்துக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடக் கூப்பிட்டிருந்துச்சு, அஞ்சு மணிக்குள்ள வரணும், இல்லேன்னா இன்னொரு நடிகை வாசல்ல நிக்கறா. போனது நாலு இருபதுக்கு.

ஆமா, நாலு இருபது. ஷாட் எடுத்தது நாலு ஐம்பத்தஞ்சு. எப்போ நடந்துச்சுன்னுதான் நீங்க கேட்டீங்க. எது எப்போ நடந்துச்சுன்னு கேக்கல. கேள்வியைச் சரியாக் கேட்டாத்தானே சார் பதில் சரியா வரும்?

பாருங்க, நீங்க எழுதினதுல ஒண்ணு முழு உண்மை. மகாராணி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. விரல்ல மை கூடப் பட்டிருக்கலாம். ஆனா அது வேற தெருவுல.

எங்க செட்டுல ஏழு பல்பு எரிஞ்சுட்டிருக்கு, கழட்டக் கை இல்ல. டைரக்டர் மெதுவாச் சுத்திப் பார்த்தார். முகத்தைப் பார்க்கல, எல்லார் கையையும் பார்த்துட்டே வந்தார். மேக்கப்காரர் கை முரடு. உடை தைக்கறவங்களுக்கு விரல் தடிமன். என்கிட்ட வந்து நின்னார். அந்த நாலு மாசத்துல அவர் என்கிட்டச் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது. எந்த மோதிரம் எந்த விரல்லன்னு உங்களுக்குத்தான்மா தெரியும், போட்டுக்கிட்டு வாங்கன்னார்.

சார். வாயை மூடிக்கோங்க, பூச்சி போயிடும்.

ஆமா, என் கைதான். இதோ, இந்த வலது கை. இப்போ சுருங்கிப்போச்சு, அப்போ நல்லாத்தான் இருந்துச்சு. பார்த்துக்கோங்க, தொட வேண்டாம்.

மோதிரம் மூணையும் சரியாப் போட்டேன். வளையலை எத்தனை விரக்கடை மேல தள்ளணும்னு நோட்டைப் பார்த்துத் தள்ளினேன். நகப்பூச்சுல ஒரு சின்ன உதிர்வு இருக்கும், முதல் நாள் ஷாட்டுல, அதைக் கூட ஊசியால சுரண்டிக் கொண்டு வந்தேன். அப்படி ஒரு மிடுக்கு எனக்கு. முப்பது பேர் கையைச் சோதிச்சுக் குத்தம் கண்டுபிடிக்கறவ, தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்க்கல. அன்னைக்கு மட்டும் முப்பத்தெட்டுத் தாள் எழுதியிருக்கேன், கார்பன் வெச்சு. என் தொழில்ல இருக்கறவளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். வேற யாராவதா இருந்தா நான் பார்த்திருப்பேனே, கையைக் கழுவச் சொல்லியிருப்பேனே. என்னைப் பார்க்கறதுக்குத்தான் அங்க ஆள் கிடையாது.

என்ன கேட்டீங்க? அஞ்சாவது பல்புகிட்ட அந்தக் கை நிக்குமே, அதுவா? உங்க புத்தகத்துல அதுக்கு மட்டும் நாலு பக்கம். நாலு பல்பைத் துறந்த கை அஞ்சாவதுகிட்டத் தயங்கி நடுங்குது, இந்த மகத்தான நாலு விநாடிகளில் அவள் தன் வாழ்க்கையையே திரும்பிப் பார்க்கிறாள். நாலு இல்ல சார், ஆறு விநாடி. ஸ்டாப் வாட்ச் கழுத்துலயே இருந்துச்சு, அதையும் கழட்ட மறந்துட்டேன், நல்லவேளை ஃபிரேம்ல வரல. நான் எதையும் திரும்பிப் பார்க்கல. எலக்ட்ரீஷியன் அப்பத்தான் முதல் நாலு பல்பையும் மாத்தி, சூடு ஏறாத புதுசாப் போட்டிருந்தார். அஞ்சாவதை மாத்தறதுக்குள்ள யாரோ டீக்குக் கூப்பிட்டுட்டாங்க. அது காலையிலேருந்து எரிஞ்ச பல்பு. விரலை வெச்சதும் உயிரே போயிடுச்சு. கத்தினா ஷாட் போயிடும். மறுநாள் செட் கிடையாது. பல்லைக் கடிச்சுட்டு நின்னேன். நடுங்கத்தானே செய்யும்?

ஆறாவதையும் ஏழாவதையும் அவள் ஒரு ஆவேசத்தோடு பிடுங்குகிறாள்னு எழுதியிருக்கீங்க. ஆமா, பிடுங்கினேன். சுட்டுச்சு.

இருட்டாச்சு. டைரக்டர் கட் சொல்லவும் மறந்துட்டார். அப்புறம் இருட்டுக்குள்ளேருந்து ஒரு சத்தம் கேட்டுச்சு. கடிச்சிட்டிருந்த பென்சில் உடைஞ்ச சத்தம். எனக்கு வாழ்க்கையில கிடைச்ச பாராட்டு அதுதான்.

நாலு நாள் கழிச்சு எடுத்ததைப் போட்டுப் பார்த்தாங்க. திரை ஒரு வீட்டுச் சுவர் அளவு. அதுல என் கட்டைவிரல், கதவு அளவுக்கு. அதுல கறை. டைரக்டர் பார்த்தார், நான் பார்த்தேன். புரொடக்‌ஷன் மேனேஜரும் பார்த்துட்டார், அதுதான் வினை. திருப்பி எடுக்க முடியாது, செட்டு இருந்த இடத்துல வேற ஒருத்தர் வீடு கட்டிக் குடித்தனமே வெச்சாச்சு, சினிமாவுக்குத்தான். என் தாள்ல அந்த ஷாட்டுக்கு நேரா, கை: கதாநாயகின்னு எழுதச் சொன்னாங்க. எழுதினேன். முப்பத்தோரு வருஷத்துல நான் எழுதின ஒரே பொய். அதையும் மூணு பிரதி எழுதினேன்.

அது எப்படிப் பிரபலமாச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. படம் வந்துச்சு, ஓடல. மூணாவது வாரம் எடுத்துடறதா இருந்தாங்க. டைரக்டருக்கு அது ரெண்டாவது தோல்வி, மூணாவது வாய்ப்பு யாரும் தர மாட்டாங்க. அப்போ ஒரு சினிமாப் பத்திரிகையில வாசகர் கடிதம் ஒண்ணு வந்துச்சு. கீழ, உங்கள் ரசிகைன்னு மட்டும் அச்சாகியிருந்துச்சு. கடைசிக் காட்சியில அந்தக் கட்டைவிரலைக் கவனித்தீர்களா, அது கையெழுத்துப் போட்ட மை அல்லவா, புகழின் விலையை ஒரு விரல் நுனியில் எழுதிக் காட்டிய நடிகையை நாம் ஏன் கொண்டாடவில்லைன்னு. அவ்வளவுதான். ஜனங்க கட்டைவிரலைப் பார்க்கறதுக்குன்னே டிக்கெட் வாங்கினாங்க. சில தியேட்டர்ல கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் உள்ள வந்தவங்க கூட உண்டு. நூறு நாள். மகாராணிக்கு விருது, அதுவும் குறிப்பா அந்தக் காட்சியைச் சொல்லிக் குடுத்தாங்க. டைரக்டருக்கு மூணாவது படம், நாலாவது படம்.

அந்தக் கடிதத்தை நீங்க முழுசாப் போட்டிருக்கீங்க. இந்த நாட்டின் முதல் உண்மையான விமர்சகர், யாரென்றே தெரியாத அந்த ரசிகைன்னு. புத்தகத்தையே அவங்களுக்குச் சமர்ப்பணம் பண்ணியிருக்கீங்க. படிச்சதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.

என் கையெழுத்து ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் சார். அதனால தங்கச்சியை எழுத வெச்சேன். அவ பள்ளிக்கூடத்துல டீச்சர், முத்து முத்தா எழுதுவா. நான் சொல்லச் சொல்ல எழுதிட்டு, ஏன்க்கா, இது உன் விரல்தானே, உன்னையே நீ கொண்டாடறியேன்னு கேட்டா. வாயை மூடிட்டு எழுதுடின்னேன். டைரக்டருக்காகத்தான்னு அவகிட்டச் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை உங்களுக்குச் சொல்றேன், எழுதிக்கோங்க. திரையில அவ்வளவு பெருசா என் கை வந்துச்சு, சூட்டைத் தாங்கிக்கிட்டு நடுங்கிச்சு, ஒருத்தர் கூடப் பார்க்கல. எனக்கும் ஒரு ரசிகை வேணும்னு தோணுச்சு. வேற யாரும் வராததால நானே ஆயிட்டேன்.

படிவமா? என்ன சார், இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும் படிவத்தைக் கேக்கறீங்க. திட்டமிட்டதுன்னு போட்டுக் குடுங்க, யாருக்கும் தெரியாதுங்கறீங்களா? எனக்குத் தெரியுமே. தங்கச்சியையா தேடறீங்க? டீ வேணுமா? அவ வீட்டுல இல்ல. நீங்க தெரு முனையில வழி கேட்டுட்டு நிக்கறதை ஜன்னல்லேருந்து பார்த்தோம், உடனே படிவத்தைக் குடுத்து அவளைப் பின்வாசல் வழியா அனுப்பினேன். நம்ம பெட்டியில அஞ்சு மணிக்குத் தபால் எடுப்பாங்க. இப்போ மணி அஞ்சு ஏழு. நான் ஏன் இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தேன்னு நினைச்சீங்க? சாதாரணமா நான் விருந்தாளிகிட்டப் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல பேச மாட்டேன். நீங்க பிஸ்கட்டோட வந்து, முகத்தை அப்படி வெச்சுக்கிட்டுக் கேட்டா, நான் எங்க இளகிடுவேனோன்னு பயம். அதனால படிவம் கிளம்பட்டும், அப்புறம் இளகலாம்னு இருந்தேன். பிழைங்கற கட்டத்துலதான் டிக் போட்டிருக்கேன். துடைச்சிடலாம்னு தனியா எழுதியும் இருக்கேன்.

கோவம் வருதா? வரட்டும், நியாயம்தான். ஆனா ஒண்ணு. நடுவுல விட்டுப்போனதைச் சொல்லிடறேன், அப்புறம் கோவப்படுங்க.

பத்திரிகையில அந்த ரசிகை கடிதம் வந்ததுக்கு அப்புறம் ஜனங்க மகாராணி முகத்தைப் பார்க்கறதை விட்டுட்டுக் கையைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. எங்க போனாலும் கட்டைவிரலைக் காட்டுங்கம்மா. பத்திரிகைக்காரங்க கட்டைவிரலை மட்டும் படம் எடுக்க வந்தாங்க. அவங்க கட்டைவிரல் பின்பக்கம் நல்லா வளையும் சார், கொக்கி மாதிரி. என்னோடது நேரா நிக்கும். ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சா குழந்தை கூடக் கண்டுபிடிச்சிடும். விருது வாங்கினது அந்தக் கைக்கு. நான் அதை யோசிக்கல. எல்லாத்தையும் முன்னாடியும் பின்னாடியும் பொருத்திப் பார்க்கறதுதான் என் வேலை, அதை மட்டும் பொருத்திப் பார்க்கல.

ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு படத்துல நாங்க சேர்ந்து வேலை பார்த்தோம். ஒப்பனை அறையில நாங்க ரெண்டு பேர் மட்டும் இருந்தப்போ டீ குடிச்சுட்டே கேட்டாங்க. எந்தப் புண்ணியவதியோ அந்தக் கடிதத்தை எழுதினா, உனக்கு யாருன்னு தெரியுமாடி? தெரியாதுங்கன்னேன். தெரிஞ்சா சொல்லு, ரெண்டு அறை குடுக்கணும், அப்புறம் ஒரு முத்தம் குடுக்கணும்னாங்க. அறைக்குப் பயந்து முத்தத்தையும் விட்டுட்டேன். அவங்க இருக்கறவரைக்கும் சொல்லியிருக்கலாம். சொல்லல. இப்போ கறை போனா அந்தக் கையைப் பத்திப் பேச ஒண்ணும் இருக்காது. அது அவங்க கையா இருந்துட்டுப் போகட்டும். நீங்க எழுதறதா இருந்தா கையைப் பத்தி எழுதாதீங்க, கடிதத்தை மட்டும் என் கணக்குல எழுதுங்க. பதினெட்டுப் பக்கம் காலியாத்தானே இருக்கு.

என்ன விலைன்னுதானே உங்க புத்தகத்துக்குத் தலைப்பு வெச்சிருக்கீங்க. யார் எதை விலையாக் கட்டினாங்கன்னு அதுல இல்ல, எழுதிக்கோங்க. கறைக்காக என் சம்பளத்துல மூணு நாள், அந்த மாசம் முப்பதாம் தேதி பிடிச்சாங்க. சிறந்த கடிதத்துக்குப் பரிசா ஒரு வருஷ இதழ் இலவசம், உறை மேல எழுதியிருந்த தங்கச்சி பள்ளிக்கூட விலாசத்துக்கு அடுத்த மாசத்துலேருந்து வந்துச்சு. கையெழுத்து தன்னோடதுன்னு சொல்லித் தங்கச்சியே எல்லாத்தையும் வெச்சுக்கிட்டா. பெரிய கம்பெனி மகாராணிக்குப் பேசின சம்பளத்தை ரெட்டிப்பாக்குச்சு, அடுத்த கோடையில. மகாராணி கட்டின விலை கையுறை. விருது வாங்கின அன்னைக்குப் போட்டாங்க, வெள்ளைத் துணியில, முழங்கை வரைக்கும். ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் அது நாகரிகம்னு நினைச்சு வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. மனுஷங்க முன்னாடி அதைக் கழட்டினதே இல்ல, என் முன்னாடி டீ குடிச்ச அந்த ஒரு தடவையைத் தவிர. ஐம்பத்திரண்டு கோடை, சார். போன மாசம் ஆஸ்பத்திரியில நர்ஸ்தான் கழட்டினாளாம்.